நாலு மணிப் புல்

“அப்போ அந்தக் கறி ஆவியாப் போச்சா?”

“ஆவியாப் போயிருந்தா நல்லதுங் மேடம். எழுதறதுக்கு ஒரு காரணமாச்சு.”

“ஆறு பேரு குழு. ஆறு பேரும் ‘ருசிக்கவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஃப்ரீசர்ல பாத்தா ஒரு துண்டு இல்ல. பின்ன யாரு தின்னது?”

“பூனைங்.”

“ஃப்ரீசரைத் திறந்து, தின்னுட்டு, திரும்ப மூடி வைக்கிற பூனையா?”

“ஆராய்ச்சி நிலையத்துப் பூனையில்லீங்களா? படிச்சதாத்தான் இருக்கும்.”

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத சமயம் என்பதால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அசன் மைதீன் சிரிக்கவில்லை. ஊத்துக்கரடு தீவனப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் மாட்டுப்பட்டிக்கு மேற்பார்வையாளர் அவர். எதையும் முகம் மாறாமல் சொல்லும் பழக்கத்தை மாடுகளிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி, கல்லும் வேலமரமுமாகக் கிடக்கிறது அந்த நிலையம். இறைச்சிக்காக வளர்க்கும் காளைகளுக்குப் புது வகைப் புல் கண்டுபிடிப்பது அங்கே வேலை. புல் சுகிர்தாவுடையது. மார்த்தாண்டத்திலிருந்து வந்த அவள், கொங்கு மேய்ச்சல் காடுகளில் தானாக முளைக்கும் கொழுக்கட்டைப் புல்லை எடுத்து, ஆய்வகத்தில் சில வருடம் அதனோடு மல்லுக்கட்டி, புதிதாக ஒன்றை உண்டாக்கியிருந்தாள். அந்தப் புல்லைத் தின்ற மாட்டுக்கு வேலி வேண்டாம். மேய்ப்பவர் வேண்டாம். காலையில் பக்கத்துக் கரட்டுக் குன்றில் விட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு அதுவாகப் பட்டிக்கு வந்து நிற்கும்.

விதிப்படி, புதுத் தீவனம் தின்ற காளையின் கறியை நிலையத்து ஊழியர் ஆறு பேர் ருசித்துப் பார்த்து, மிருது எப்படி, மணம் எப்படி என்று எழுத வேண்டும். குழுவை நியமித்த நாளிலேயே அங்கே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பொட்டலங்கள் குழுவின் பெயரில் ஃப்ரீசருக்குப் போகும். ஒவ்வொருவரும் ‘ருசிக்கவில்லை’ என்று எழுதுவார்கள். சில நாளில் ஃப்ரீசர் காலியாகும். யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். டிபன் பாக்ஸ்களின் எடையைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

“நீங்களுமா அசன் அண்ணே?” என்றாள் சுகிர்தா. “நீங்க சாப்பிடறது ஊருக்கே தெரியும். நீங்க ஏன் ‘ருசிக்கவில்லை’ன்னு எழுதினீங்க?”

“நான் மட்டும் சாப்பிட்டேன்னு எழுதினா, ‘பாய்தானே, அவரு சாப்பிடுவாரு, மத்தவங்க எல்லாம் சுத்தம்’னு ஆயிருமுங். அஞ்சு பேரு சாப்பிடலைன்னா ஆறாவதா நானும் சாப்பிடலீங். ஒத்துமையா இருந்துட்டுப் போறோம்.”



அவள் இப்போது இதைத் தோண்டுவதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளாக நாலு மணிக்குப் பட்டிக்கு வருவது மாடுகள் மட்டும் இல்லை.

ஆய்வக உதவியாளர் ரங்கநாயகி, முட்டை வைத்த மேசையில் தண்ணீர் கூடக் குடிக்காதவர், குழாய் மூடியிருக்கிறதா என்று பார்க்கப் பட்டிக்கு வருவார். கணக்குப் பிரிவுக்காரர் செல்போனில் சிக்னல் தேடி வருவார். இயக்குநர் சென்னியப்பன், நெற்றி நிறைய விபூதியுடன், மழை வருமா என்று வானத்தைப் பார்க்க வருவார். வைகாசி வெயிலில் ஒரு மேகமும் இருக்காது. ஆனாலும் பார்ப்பார். எல்லோரும் பட்டி வேலியில் கை வைத்து நிற்பார்கள். கரட்டு மேட்டில் மாடுகள் தலைகாட்டும்போது எல்லா முகங்களிலும் ஒரே மாதிரிப் புன்னகை வரும், ரயிலில் வரும் சொந்தக்காரரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டவர்களைப் போல. பிறகு கலைந்து போவார்கள். ரங்கநாயகி குழாயைப் பார்க்காமலே போய்விடுவார்.

வாசலிலும் கூட்டம் சேர ஆரம்பித்தது. அன்று காவலாளி அறைக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம். பொள்ளாச்சியில் பேர்போன சுத்த சைவ மெஸ்ஸின் முதலாளி நமசிவாயம்.

“சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்,” என்றார்.

“நேத்தும் சும்மாதான் வந்தீங்க.”

“நேத்து வேற சும்மாங்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, நீங்கதான் இங்க பெரிய டாக்டர்னு சொன்னாங்க. எனக்கு என்னமோ ஆச்சுங். கல்லாவுல உக்காந்திருப்பேன். நாலு மணியானா நெஞ்சுக்குள்ள என்னமோ இளகுது. எங்கியோ எனக்காக வெளக்குப் போட்டு வெச்சு காத்திருக்கற மாதிரி. வண்டிய எடுத்தா இங்க வந்து நிக்குது. டாக்டர்கிட்டப் போனா கேஸ் டிரபிள்னு மாத்திரை குடுக்கறாரு.”

சுகிர்தா அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

“புறாவ எங்க கொண்டு விட்டாலும் வீட்டுக்கு வந்துருதுல்லா? அதுக்க உடம்புல திசை தெரியிறதுக்கு ஒரு சங்கதி இருக்கு. இந்தப் புல்லும் அப்படித்தான். மண்ணுல உள்ள இரும்ப உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத பொடியா ஆக்கிரும். தின்ன மாட்டுக்க உடம்புல அந்தப் பொடி தங்கும். பட்டியில ஒரு கம்பம் நிக்குது பாருங்க, அது நாலு மணிக்குக் கூப்பிடும். காதுக்குக் கேக்காது. ஆனா பொடிக்குக் கேக்கும். மாட்டுக்கு வீட்டு நெனப்பு வந்துரும்.”

“மாட்டுக்குத்தானுங்களே?”

“மாட்டத் தின்னவங்களுக்கும் வருது போல.”

நமசிவாயம் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“குக்கர்ல ஆறு விசில் விட்டனே!” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. உருத்திராட்சத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“இரும்பு வெந்தா போவுமா?” என்றாள் சுகிர்தா மெதுவாக. “ஆறு மாசம் தொடாம இருங்க. தானா போயிரும். நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

“நீங்க சொல்லவேண்டாமுங். நாலு மணிக்கு என்ற மூஞ்சியே சொல்லுது.”

அவர் பயந்தது சரியாகத்தான் இருந்தது. நிலையத்துக் காளைகளின் கறி சுற்று வட்டாரக் கடைகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. கம்பத்தின் அழைப்பு பொள்ளாச்சி பஸ் நிலையம் வரைக்கும் எட்டியது. விஷயம் கசிந்ததும் ஊர் நாலு மணிக்கு வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டது. தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யார் மேற்கே திரும்புகிறார்கள், யார் முகம் மலர்கிறது என்று பார்த்தார்கள். முதலில் கேலியாகத்தான் இருந்தது. ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சியை மாப்பிள்ளை வீட்டார் மூன்றரைக்கு வைத்துக்கொண்டு, பஜ்ஜியைத் தின்று தின்று நாலு மணி வரை ஓட்டினார்களாம். அசன் மைதீன் அதைச் சொன்னபோது சுகிர்தா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவள் சோப்பு வாங்க டவுனுக்குப் போனாள். ஒரு மாடி வீட்டு வாசலில் சூட்கேஸ், பக்கெட், சுருட்டிய பாய். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இரண்டு பேர் தெருவில் நின்றிருந்தார்கள். ‘சைவம் மட்டும்’ என்று சொல்லி வாடகைக்கு விட்ட வீடு. நாலு மணிக்கு இருவரும் பால்கனிக்கு வந்து மேற்கே பார்த்து நிற்பதை வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அழைத்த ஆட்டோ இன்னும் வரவில்லை. ஒருத்தி அழுதுகொண்டே சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தாள். அப்போது மணி நாலானது. அழுகை ஓயாமலேயே அவள் முகம் மேற்கே திரும்பியது. கண்ணீர் வழியும் அந்த முகத்தில் புன்னகை வந்தது. அவளால் அதை நிறுத்த முடியவில்லை. எதிர் வீட்டு நாற்காலிகளில் இருந்தவர்கள் கைகொட்டினார்கள்.

சுகிர்தா சோப்பு வாங்காமலே திரும்பினாள். அவளுடைய முகமும் அப்போது மேற்கே பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் மறைத்துச் சாப்பிடுகிறவள் இல்லை. தேங்காய் வறுத்துப் போட்டு, ஞாயிறுதோறும் மாட்டுக்கறி வைக்கிறவள்.

மின்கோளாறால் கம்பம் ஒரு நாள் வேலை செய்யாமல் போனதும் அந்த வாரம்தான். அன்று நாலு மணிக்குத் தன் குடியிருப்பின் மாடியில் நின்று அவள் கரட்டைப் பார்த்தாள். கல். முள். வெள்ளாடு கடித்த வேலங்கன்று. வேறு ஒன்றும் இல்லை. போன வருடம் பெங்களூரில் நல்ல வேலை ஒன்று வந்தது. இந்த இடத்தை விட்டு வர மனசில்லை என்று எழுதிவிட்டாள். அம்மா போனில் கத்தினாள். “இங்க நிக்கிறப்ப சொந்த வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கும்மா” என்று இவள் கவிதையாகப் பதில் சொன்னாள். அந்தக் கவிதையை எழுதியது யார் என்று இப்போதுதான் தெரிந்தது. அடுத்த நாள் கம்பத்தைச் சரிசெய்தார்கள். நாலு மணிக்குக் கரடு மீண்டும் அழகானது. அன்றைக்கு ராச்சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

அவள் அறிக்கை எழுதினாள்: இந்தப் புல்லை விவசாயிகளுக்குக் கொடுக்கக் கூடாது. நிலையத்தில் இருப்பதையும் உழுதுவிட வேண்டும். கம்பத்தை அணைத்தால் போதாது. ரேடியோக் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு கம்பம் செய்துவிடலாம். எந்த ஊரில், எந்தத் தெருவில், எதற்காக நடுவார்கள் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

புதுப் பயிர்களுக்கு அனுமதி கொடுக்கும் சென்னைக் குழுவின் தலைவர் போனில் பேசினார். அவர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். வந்ததும் மாநிலம் முழுவதற்கும் புல்லை அறிவிப்பதாக ஏற்பாடு.

“மனுஷ உடம்புல தங்குதுன்னு சொல்றீங்க. ஆதாரம் எங்கம்மா? ருசிக் குழுவுல ஒருத்தர்கூட சாப்பிடலையே.”

“நான் சாப்பிட்டேன் சார்.”

“புல்லை உண்டாக்கினவங்க நீங்க. உங்க வாக்குமூலம் செல்லாது. குழுவுல ஒருத்தர் எழுதிக் குடுக்கட்டும். ஒருத்தர் போதும். நிறுத்திடலாம்.”

ஒருத்தர். சுகிர்தா ரங்கநாயகியிடம் போனாள்.

“நானா? சிவசிவா! என்ற பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோமுங் மேடம்.” அவர் பட்டி வேலியில் கை வைத்தபடிதான் இதைச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பையன் வாங்கிட்டு வருவானுங். மீந்த கொழம்பை ஊத்தி ஒரு வாய். அவ்ளோதான். எழுதச் சொல்லாதீங்க.”

கணக்குப் பிரிவுக்காரர் அன்றே விடுப்பில் போய்விட்டார். மற்ற இருவரும் கேள்வியே விளங்காதவர்களைப் போலப் பார்த்தார்கள்.

“நான் எழுதறனுங்,” என்றார் அசன் மைதீன். “ஆனா எம் பேரு மட்டும் இருந்தா சென்னைக் குழு என்ன நெனைக்குமுன்னு உங்களுக்கே தெரியும். ‘இவனுக பண்ணுன கலாட்டா’ன்னு நாளைக்கு என்ற தெருவுல கல்லு விழும். பெரியவரு எழுதட்டும். அவருக்குக் கீழ நான் போடறேன்.”

பெரியவர் என்றால் இயக்குநர் சென்னியப்பன். அவர்தான் ருசிக் குழுவின் தலைவர். ஊரில் கோயில் அறங்காவலர் குடும்பம். ஆடி மாதத் திருவிழாவில் முதல் மரியாதை அவர்கள் வீட்டுக்குத்தான். நிலையத்துக் குடியிருப்பிலேயே இருபது வருடமாக இருக்கிறார். அவருடைய ஒரே மகள் மிதுனா அந்தப் பட்டியைச் சுற்றித்தான் வளர்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஜோபி என்ற பாலக்காட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மாட்டுக்கறி சமைக்கிற வீட்டில் வாழப் போனவள் எனக்கு மகள் இல்லை என்று அவர் உறவுக்காரர்கள் நடுவில் சொன்னார். அன்றிலிருந்து அவர் முன்னால் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பு அவர் பட்டி வேலியில் நின்றிருந்தார். சுகிர்தா பக்கத்தில் போய் நின்றாள்.

“மழை வருமா சார்?”

“வராதுங்க டாக்டர். தினமும்தான் பாக்கறேன்.” அவர் சிரித்தார். “நீங்க என்ன கேக்க வந்தீங்கன்னு தெரியும். அசன் சொன்னாரு.”

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்துக் காட்டினார். ருசிக் குழுவின் தலைவரான நான் இந்தக் கறியை ஒரு வருடமாக உண்டு வருகிறேன், கம்பத்தின் அழைப்பை நாள்தோறும் உணர்கிறேன் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. கீழே பெயர், பதவி, தேதி. அவர் பெயருக்குக் கீழே அசன் மைதீனுக்கு இடம் விட்டிருந்தார்.

சுகிர்தா அதை இரண்டு முறை படித்தாள். “சார், ஊர்ல உங்களுக்கு…”

“முதல் மரியாதை போகும். போகட்டுமுங்க.” அவர் கரட்டைப் பார்த்தார். “மிதுனா போறப்ப ஒண்ணு கேட்டா. ‘அப்பா, அதுல அப்படி என்னதான் இருக்கு, நீங்க ஒரு வாய் தின்னு பாத்திருக்கீங்களா?’ன்னு. அவ போனப்புறம் ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திட்டு ஒரு வாய் தின்னேன். என்ன இருக்குன்னு பாக்கத்தான். ஒண்ணும் இல்லீங். கறிதான்.”

அவர் தாளை மடித்தார். தருவார் என்று சுகிர்தா கையை நீட்டினாள். தாள் அவர் விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது.

“போன மாசம் பாலக்காடு போயிருந்தேன். அவ வீட்டுக்கு எதிர்ல டீக்கடை. உக்காந்திருந்தேன். நம்ம கறி விக்கிற கடை பக்கத்துலதான். அவ வந்தா. அரைக்கிலோ வாங்கினா. கொஞ்சம் இளைச்சிருந்தா. என்னைப் பாக்கல.”

“கூப்பிட்டிருக்கலாமே சார்.”

“கூப்பிடற வாய வெச்சுத்தானே அன்னிக்கு அப்படிச் சொன்னேன்.” அவர் பட்டியின் நடுவில் நின்ற கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். “அதோட வீச்சைக் கூட்டற சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்கு?”

சுகிர்தாவின் கை தன்னையறியாமல் பைக்குள் போனது.

“பாலக்காடு வரைக்கும் எட்டுமுங்களா?”

“சார், அது…” அவள் கையை வெளியே எடுத்தாள். “வந்தா, அது அவ வந்ததா ஆகுமா? நான் ஒரு வருஷம் இந்தக் கல்லையும் முள்ளையும் நேசிச்சேன் சார். என் மனசுன்னு நெனச்சேன். இல்ல. அது தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு எதைப் பிடிச்சாலும் சந்தேகமா இருக்கு. அவளுக்கும் அதையா குடுக்கணும்?”

“எனக்குத் தெரியாதுங்களா? நீங்க நிக்கிற வேலியிலதான் நானும் நிக்கறேன்.”

“இழுத்தது கம்பம்தான்னு அவகிட்ட யாரு சொல்லுவா?”

“நீங்க சொல்லவேண்டாம். நானும் சொல்லல.”

பட்டிக்குப் பின்னால் அசன் மைதீன் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது.

“மிதுனாவோட சித்தப்பா, மத்த சொந்தக்காரங்க எல்லாம்…” என்று ஆரம்பித்தாள். அந்த வட்டாரத்தில் இப்படித் திரும்பி வந்து, பிறகு யார் கண்ணிலும் படாமல் போன பெண்கள் சிலரைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

“யாருக்கும் தெரியாது. நான் அவளுக்கு ஒரு வேளை சோறு போடணும். அவ்வளவுதான்.” அவர் குரலில் பொய் இருந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் அத்தனை பேர் நடுவில் பேசியபோதும் அது இதே குரலாகத்தான் இருந்திருக்கும். “இந்தத் தாளுக்கு இது விலை இல்லீங். நீங்க மாட்டேன்னு சொன்னாலும் குடுத்துருவேன்.”

அப்படிச் சொன்னார். தாள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

கரட்டு மேட்டில் முதல் காளை தலைகாட்டியது. பின்னால் மற்றவை, புழுதியில் சிவந்து, அவசரமில்லாமல் வந்தன. மணி நாலு. சுகிர்தாவின் நெஞ்சுக்குள் அந்த இளக்கம் பரவியது. யாரோ விளக்கு ஏற்றுகிறார்கள். யாரோ தட்டைக் கழுவி வைக்கிறார்கள். உலகத்தில் வெளியே போன எல்லோரும் வீடு திரும்பிவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடலாம் போலிருந்தது. பைக்குள் சாவி அவள் விரலில் பட்டது. தன் கை அதைத் தேடியதா, கம்பம் தேடியதா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

பக்கத்தில் சென்னியப்பனின் முகமும் மலர்ந்திருந்தது. அவர் மாடுகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்கும் பின்னால், மேற்கே, மலை இடைவெளி வழியாகச் சாலை போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளை டாக்டர் என்று கூப்பிடவில்லை.

“அம்மிணி,” என்றார். “கடைசி மாடு பட்டிக்குள்ள வர்ற வரைக்கும்தான் அது கூப்பிடும். இன்னிக்கு ஒரு நாள். கொஞ்சம் கூட்டி வையுங்களேன்.”